திறந்து திறந்து பார்த்த பெற்றோல்

எழுபதுகளின் பிற்பகுதி. மெல்பேர்ணில் நோபல் பார்க்கைத் தாண்டி, வீடுகள் முடிந்து வெறும் புல்வெளி தொடங்குகிற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் ஓட்டித் திரிந்தபடியால், எஞ்சின் என்றால் மட்டும் எனக்குப் பயம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் பயம்.

பக்கத்து வளவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். இடுப்பில் ஒப்பரேஷன் செய்து, இரண்டு தடி ஊன்றித்தான் நடப்பார். புல்லில் நெருப்புப் பிடித்தால் அணைக்கவென்று அவர் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியோடு ஒரு பெற்றோல் பம்ப் பூட்டியிருந்தது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். அவரும் நிம்மதியாக விட்டுவிட்டார்.

ஒரு கோடை முடிவில் பம்பின் டாங்கியை நிரப்பினேன். பத்தாக்குறைக்கு ஒரு கேனிலும் நிரப்பி, அவருடைய தகரக் கொட்டிலில் வைத்தேன். ஊரில் மண்ணெண்ணெய் எவ்வளவு காலம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பெற்றோலும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்காது. ஒழுகியிருக்குமோ, யாரும் எடுத்திருப்பார்களோ என்று, வேலையால் வந்ததும் போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். கிழவர் கதிரையில் இருந்தபடி சிரிப்பார். 'மேட்', அதாவது கூட்டாளி, என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"அது கோழியில்லை, மேட். திறந்து திறந்து பார்த்தால் முட்டை போடாது."

அடுத்த கோடையில் ஒரு நாள். எனக்கு வேலை இல்லை. மத்தியானம், பாலைவனப் பக்கமிருந்து வருகிற வடக்குக் காற்று அனலாய் அடித்தது. புல்வெளியின் அந்தக் கரையில் புகை எழும்பியது. தீயணைப்புக்காரருக்கு அறிவித்துவிட்டுக் கிழவரிடம் ஓடினேன். அந்த நேரம் பார்த்து மனைவியும் வேலை முடிந்து காரில் வந்து இறங்கினாள். இவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்றேன். கிழவர் அசையவில்லை. பம்ப் இருக்கிறது, அதை ஓட்ட நீ இருக்கிறாய், பிறகு ஏன் ஓட வேண்டும் என்று என்னையே கேட்டார்.

பம்பைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தேன். மூச்சே இல்லை. இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி நன்றாக அடித்தது. டாங்கியைத் திறந்து மணந்தேன். மூக்கில் ஏறுகிற அந்தக் காரம் இல்லை, பழைய வார்னிஷ் மணம். கேனும் அதே மணம். அப்போதுதான் விளங்கியது. பெற்றோலில் சட்டென்று பற்றுகிற பங்குதான் முதலில் ஆவியாய்ப் போகிறது. டாங்கியில் இருந்தது மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தால் போயிருந்தது. கேனில் இருந்ததை, அந்தச் சூட்டுக் கொட்டிலில் நாளும் பொழுதும் திறந்து பார்த்து, நானே போகவிட்டிருக்கிறேன்.

"காரிலை புதுப் பெற்றோல் கிடக்கெல்லே? நேற்றுத்தான் அடிச்சனான்" என்றாள் மனைவி.

"அதை எடுத்தா நாங்கள் எதிலை தப்பி ஓடுறது?"

"ஒரு போத்தல் எடுங்கோ எண்டுதான் சொல்லுறன். முழுக் காரையும் உறிஞ்சச் சொல்லேல்லை!"

தோட்டக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, கார் டாங்கிக்குள் விட்டு உறிஞ்சினேன். வாய் நிறையப் பெற்றோல். துப்பிவிட்டு, பழையதை எல்லாம் வடித்து, காபரேட்டரைக் கழற்றினேன். அடியில் பிசின் மாதிரி மண்ணிறத்தில் படிந்திருந்தது. வயர் பிரஷ்ஷில் ஒரு கம்பியைப் பிடுங்கி, அடைத்திருந்த துவாரத்தைக் குத்தி, புதுப் பெற்றோலால் கழுவிப் பூட்டினேன். நெருப்புப் படபடவென்று வருகிற சத்தம் காதில் கேட்கிறது. ஆனால் எஞ்சினில் கை வைத்துவிட்டால் எனக்குப் பயம் வராது.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மனைவி கிழவரை ஈரத் துவாயால் போர்த்து வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் பம்பின் குழாயைப் பிடித்துச் சுவரையும் வேலிக்கரைப் புல்லையும் நனைத்தபடி நின்றேன். வேலி எரிந்தது. ஒரு பக்கச் சுவரில் பெயின்ற் கொப்பளித்தது. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது வீடு அப்படியே நின்றது, உள்ளே போய்த் தேத்தண்ணீர் கேட்கிற நிலையில் கிழவரும் இருந்தார்.

நடந்ததை அவருக்குச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். "நாளைக்கும் வா, மேட். மூடியை விட்டுவிட்டுக் கயிற்றை இழு" என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பம்பை ஓடவிட்டேன். கேனில் இருந்ததைப் பழசாகுமுன் காருக்கு ஊற்றிவிட்டுப் புதிது வாங்கி நிரப்பினேன். கவலை என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் எதையாவது நினைத்து மனம் பதறினால், இப்போது அதை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.