பழைய காட்டேரி மாதிரி வருமா?

நாடகக் கம்பெனியில் ராஜபார்ட்டுக்குக் கைதட்டல் உண்டு, கோமாளிக்குச் சிரிப்பு உண்டு. பேர் வாங்கிய ஒருத்தன் விட்டுப்போன வேஷத்தைப் போடுகிறவனுக்கு வசவைத் தவிர ஒன்றும் கிடையாது. அடுத்தவன் இடத்தில் போய் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில், சாரல் காலத்தில், வருஷாவருஷம் போல் தென்காசியில் கொட்டகை போடக் கிளம்பினோம். ரத்தம் குடிக்கும் காட்டேரியாக நடித்தவர் சினிமா ஆசையில் மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். அதுவரை ஈட்டி பிடித்து நின்ற என்னைக் கூப்பிட்டு முதலாளி சொன்னார்: "தென்காசி ஏத்துக்கிட்டா நீ காட்டேரி. இல்லேன்னா பழையபடி வாயில்காப்போன்."

குதிரைக்குத் தெரியுமாம்

ஸ்டேஷனிலிருந்து வந்த குதிரைவண்டியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? புதுக் காட்டேரி நான்தான் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். வண்டிக்காரர் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நாடகம் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் தீர்ப்பு!

"பழைய ஆளு ஏறுனா குதிரை மிரளும்வே. இது பாட்டுக்குப் புல்லு திங்குது, பாரும்."

எண்ணெயோடு ஒரு பஞ்சாயத்து

மனசு ஆறட்டும் என்று குற்றாலத்துக்குப் போனேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் குப்புறப் படுத்திருக்கும்போது இவன்தான் புதுக் காட்டேரி என்று எவனோ கண்டுபிடித்துவிட்டான். குளிக்க வந்த கூட்டம் சுற்றி நின்று, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி என் முதுகைப் பார்த்துப் பேசியது. கண்ணெல்லாம் எண்ணெய், எழுந்து சண்டை போடவும் வழியில்லை. கடையம் ஊர்க்காரர் ஒருவர் குனிந்து என் விலாவைத் தொட்டே பார்த்துவிட்டார். என்ன திமிர்!

"ரத்தம் குடிக்க உடம்பா இது? ரசஞ்சோத்து உடம்புல்லா!"

பள்ளிவாசல் வாசலில்

மேக்கப் போடுகிற அண்ணாச்சி அடுத்த குண்டைப் போட்டார். பழைய காட்டேரியின் பெருமை கைதட்டலில் இல்லையாம். நாடகம் முடிந்த மறுநாள், பயந்து காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தாய்மார் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் ஓதி ஊதச் சொல்வார்களாம். அங்கே கூட்டம் நின்றால்தான் காட்டேரி பாஸாம். ஊர்ப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்தான் எனக்குச் சோறா? இது என்ன நியாயம் என்று கத்தினேன்.

"கத்தாதலே. விடியட்டும், பள்ளிவாசல்ல தெரியும் உன் வண்டவாளம்."

விடிந்தது

பல்லைக் காட்டிக்கொண்டு மேடையில் பாய்ந்தேன். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை என்னைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. கொட்டகையே சிரித்தது. அருவித் தண்ணீரோ அவமானமோ, விடிவதற்குள் எனக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. "ஈட்டியைத் தேடி எடுத்து வை" என்று முணுமுணுத்தபடியே முதலாளி எனக்குக் கம்பளியைச் சுற்றிப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. நான் மட்டும்தான்.

எதைக் கண்டு பயந்தேன் என்று பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பை கேட்டார். "சனத்தைக் கண்டு" என்றேன், பல் கிட்டிக்க. அவர் சிரிக்கவில்லை. ஓதி, என் முகத்தில் மெல்ல ஊதிவிட்டு, முதலாளி காதிலும் விழும்படி சொன்னார்:

"பழைய காட்டேரிக்கும் மொத நாள் இங்கனதான் ஊதினேன்."

அன்று சாயங்காலமும் முதலாளி ஈட்டியைத் தராமல் காட்டேரிப் பல்லையே எனக்குத் தந்தார் என்றாலும், ஊரைப் பயமுறுத்தப் போகிறவன் முதலில் ஊரைக் கண்டு பயந்தாக வேண்டும் என்பதை ஒரு பயலாவது முன்கூட்டிச் சொல்லித் தொலைத்திருக்கலாம்!