சப்பட்டைக்கால் பி.எஸ்ஸி.

கரீம் பாட்சாவுக்கு வயிற்றுவலி. அதற்காகத் தனசீலன் அவருடைய இடது கையை மடக்கி, மூன்று மூலையாக வெட்டிய பழைய சேலைத் துணியில் ஏந்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஏல, வலிக்கது வயிறு. கட்டுதது கைய. இது எந்த ஊரு வைத்தியம்?"

"கை சும்மா இருந்தா வயிறும் சும்மா இருக்கும் பாய். அசையாதீங்க."

தனசீலனுக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். மாட்டுங்காவில் ரயில்வே ஆட்கள் நடத்திய முதலுதவி வகுப்புக்கு இரண்டு ஞாயிறு ஒழுங்காகப் போனான். மூன்றாம் ஞாயிறு தலைக்குக் கட்டுப் போடும் பாடம். அன்றைக்குப் பார்த்து ஒரு ஞானஸ்நான விருந்து வந்து தொலைத்தது. ஆகவே தாராவியில் அந்தச் சந்துக்குள் பல்வலிக்கும் கைக்கட்டு, காய்ச்சலுக்கும் கைக்கட்டு, மாமியார் சண்டையில் மயங்கி விழுந்த மருமகளுக்கும் கைக்கட்டு. சில நாள் காலையில் குழாயடியில் நாலைந்து பேர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், சந்து முழுக்கப் போருக்குப் போய்த் தோற்றுத் திரும்பியது போல இருக்கும்.

குழாயடியில் அவனுடைய வாளியையும் பார்க்க வேண்டும். பச்சைப் பெயின்டில் 'ச. தனசீலன், பி.எஸ்ஸி.' என்று எழுதியிருக்கும். சந்திலேயே முதல் பட்டதாரி. பட்டத்தைச் சட்டம்போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. ஆனால் வீட்டுக்குள் மாட்டினால் வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் வாளி. "ஏ, பி.எஸ்ஸி. நெறஞ்சி வழியுது, தூக்குப்பா!" என்று பெண்கள் கத்துவார்கள். அவன் ஒரு அவமானமும் இல்லாமல் வந்து தூக்கிக்கொண்டு போவான்.

படித்தது விலங்கியல். நாலு வருஷமாகத் தவளையையும் கரப்பானையும் அறுத்ததில் அறுக்கிற கை நன்றாகப் பழகிவிட்டது. மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் மார்க் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி அறுத்தால், "இது ஈரல், இது இரைப்பை, இது ஆர்ட்டரி" என்று பலகையில் வரிசையாக அடுக்குவான். அவன் அம்மா சேசம்மாள் அரிவாள்மணையைத் தரையில் தட்டுவாள். "திங்கிற சாமானுக்கு எதுக்குடா பேரு வைக்கே? பேரு வச்சா எப்படித் திங்கது?"

தாணேயில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை தயாராக இருந்தது. போக மாட்டேன் என்றுவிட்டான். போன வருஷம் எல்லையில் நடந்த சண்டையின்போது தாதர் ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்றது. காயம்பட்ட சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். ஒரு சிப்பாய் கைக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, மற்றக் கையால் தனசீலன் நீட்டிய டீயை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணடித்தான். ரயில் போய்விட்டது. கண்ணடித்தது மட்டும் தனசீலனுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ராணுவ மருத்துவப் படை, அதில் நர்சிங் அசிஸ்டென்ட், வேறு பேச்சே இல்லை. "பி.எஸ்ஸி. படிச்சது பெட்பான் தூக்கவா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "பெட்பான்லயும் பெயின்ட்ல எழுதிக்குவேன்" என்று பதில் சொன்னான்.

எழுத்துப் பரீட்சையில் தேறினான். ஓட்டத்தில் தேறினான். ஜூன் மாதம் கொலாபாவில் உடம்புப் பரிசோதனை. அதற்காக ஒரு மாதம் வீட்டுச் சுவரோரம் அட்டென்ஷனில் நின்று பழகியிருந்தான். முளையடித்த கம்பம் மாதிரி நிற்பான்; முறுக்கு பிழிகிற அம்மா, மாவுத் துணியை அவன் தோளில் காயப் போடுவாள். கொலாபாவிலும் அப்படியே நின்றான், ஜட்டியோடு. இளம் டாக்டர் ஒருவர் குனிந்து, அவன் உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே பென்சிலை நுழைக்கப் பார்த்தார். பென்சில் நுழையவில்லை. காகிதத்தை நுழைக்கப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை. "பிளாட் ஃபுட்", அதாவது சப்பட்டைக்கால், என்று சொல்லி 'அன்ஃபிட்' எழுதினார். ஆறு வாரத்துக்குள் மறுபரிசோதனைக்கு மனுச் செய்யலாம் என்றார்கள்.

கரீம் பாட்சா தோல் பட்டறை வைத்திருக்கிறார். காலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஒரு தோல் துண்டை விரித்து, தனசீலனைக் காலை நனைத்து அதில் ஏறி நிற்கச் சொன்னார். இறங்கியதும் குனிந்து பார்த்தார். ஈரத்தடம் முழுசாக, ஒரு இடுக்கு விடாமல் பதிந்திருந்தது.

"சுபுஹானல்லா! இது காலா, ஊத்தப்பமா? இந்தத் தடத்துல செருப்பு வெட்டுனா ஒரு துண்டு தோல் மிச்சம் விழாதுவே."

"வளைவு வர்றதுக்கு வழி சொல்லுங்க பாய்."

"நுனிக்கால்ல நட. பொம்பளைக குதிகாலத் தூக்கித் தூக்கித்தான கால வில்லு மாதிரி வச்சிருக்காளுவ. வெள்ளிக்கு வெள்ளி வா, தடம் எடுத்துப் பார்ப்போம்."

அன்றிலிருந்து தனசீலன் நுனிக்காலில் நடந்தான். கடைக்கு நுனிக்கால், கக்கூஸ் வரிசையில் நுனிக்கால், பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதும் நுனிக்கால். ஆண்டாப் ஹில் பஸ்ஸில் நுனிக்காலில் நின்று மேல்கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டான். வீங்கிய நெற்றிக்கு என்ன கட்டுப் போட்டுக்கொண்டான் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏ, யாரு வீட்டுல திருடப் போறான் இந்தப் பட்டதாரி?" பிறகு மழை பிடித்தது. சந்தில் சாக்கடை ஏறியது, ஆளாளுக்குச் செங்கல்லைப் போட்டு அதன்மேல் நுனிக்காலில் தாவினார்கள். அந்த ஒரு மாதம் தாராவி முழுக்க அவனைப் போலவே நடந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கு வெள்ளி பாட்சாவின் பட்டறைச் சுவரில் தோல் துண்டுகள் தொங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாவற்றிலும் அதே ஊத்தப்பம்.

சேசம்மாளும் தன் பங்குக்குச் சும்மா இல்லை. சனிக்கிழமை தோறும் மாகிம் பாலம் தாண்டி, பாந்திரா மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் போய்வந்தாள். அங்கே வாசலில் மெழுகில் கை, கால், கண், குழந்தை எல்லாம் செய்து விற்பார்கள். எந்த உறுப்புக்கு நோவோ அந்த உறுப்பை வாங்கி மாதா முன்னால் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். சேசம்மாள் வாரம் ஒரு கால் வைத்தாள். தனசீலன் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தான்: "நான் கீழ இருந்து முயற்சி பண்றேன், எங்கம்மா மேல இருந்து பண்றாங்க."

நாலாவது சனிக்கிழமை அடைமழை. குடை பிடிக்க அவனும் கூடப் போனான்.

மெழுகுக்காரி அம்மாவைக் கண்டதுமே சிரித்தாள். கூடைக்குள் கைவிட்டு, புதிதாக வந்த ஒரு காலை எடுத்து நீட்டினாள். நல்ல அச்சு; உள்ளங்கால் வில்லாக வளைந்திருந்தது. தனசீலனுக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. சேசம்மாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"யே நை. சப்பட்டை வாலா தோ."

மெழுகுக்காரி தலையிலடித்துக்கொண்டு, கூடையின் அடியிலிருந்து பழைய கால் ஒன்றை எடுத்தாள். அடி இஸ்திரி போட்டது போல இருந்தது. "ஹர் டைம் சப்பட்டை! சப்பட்டை பினா இஸ்கோ நை சல்தா" என்று, வாராவாரம் சப்பட்டைதான் வேண்டுமாம் என்று தனசீலனிடம் முறையிட்டாள்.

தனசீலன் காலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து மெழுகுக்காரியின் கூடைமேல் தண்ணீர் ஊற்றியது.

"எம்மா. நீ என்ன வேண்டிக்கிட்டு இருக்க?"

சேசம்மாள் மாதா முன்னால் அந்தக் காலை வைத்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், இறங்கி நடந்தாள். மாகிம் பாலத்துக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"இந்தக் கால் இப்படியே இருக்கணும் தாயேன்னு வேண்டிக்கிட்டேன். போதுமா?"

"எம்மா!"

"எங்கூடப் பொறந்த ஆபிரகாம் பர்மா சண்டைக்குப் போனான். பெட்டி வந்துச்சு. ஆளு வரல. பெட்டிக்குள்ள ரெண்டு சட்டை, மடிச்சு வச்சது. அத மடிச்சது யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

"நான் சுடவா போறேன்? கட்டுப் போடத்தானம்மா போறேன்."

"கட்டுப் போடுதவன் எங்கய்யா நிப்பான்? வெடிக்கிற எடத்துலதான நிப்பான்?"

வீட்டுக்கு வந்ததும் சேசம்மாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். தனசீலன் பழக்கத்தில் மூன்று மூலைத் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனான். எங்கே கட்டுவது என்று தெரியவில்லை. பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, முறுக்கு மாவைப் பிசைய உட்கார்ந்தான். உப்பை இரண்டு தடவை போட்டான். அந்த முறுக்கு முழுக்கச் சந்துப் பிள்ளைகளுக்குப் போயிற்று.

நுனிக்கால் நடையை மட்டும் அவன் விடவில்லை. அவளும் பாந்திராவை விடவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே காலுக்காக எதிரும் புதிருமாக இரண்டு பேர் வேலை செய்தார்கள்.

மறுபரிசோதனை. இந்தத் தடவை நரைத்த மீசை மேஜர். தனசீலன் காலில் ஆறு வாரம் கழித்தும் அதே ஊத்தப்பம். மேஜர் பென்சிலைத் தேடவே இல்லை. பார்த்தார், "பஞ்சோன் பர் கடே ஹோ" என்றார். நுனிக்காலில் நிற்பதா? அதைத் தவிர வேறென்ன தெரியும் அவனுக்கு? ஜிவ்வென்று எழும்பினான். எழும்பியதும் உள்ளங்காலில், எங்கே ஒளிந்திருந்ததோ, அழகாக ஒரு வளைவு எழுந்தது. மேஜர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா? இல்லை. ஓடு பார்ப்போம்.

தனசீலன் நுனிக்காலில் அறையைச் சுற்றி ஓடினான். கதவு வழியாக வெளியே ஓடி, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, தாழ்வாரம் முழுக்க ஓடித் திரும்பினான். "பஸ், பஸ்" என்று மேஜர் நிறுத்தச் சொன்னது காதில் விழவில்லை; இன்னும் இரண்டு சுற்று ஓடினான். மேஜர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நின்றால் சப்பட்டையாகவும் எழும்பினால் வளைவாகவும் இருக்கிற கால் ராணுவத்துக்கு ஆகும். போன தடவை எழும்பச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றார். 'அன்ஃபிட்'டில் இருந்த 'அன்' மேல் ஒரு கோடு இழுத்தார்.

வீட்டு வாசலில் சேசம்மாள் முறம் புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே முறம் நின்றது.

"கால் சரியாயிட்டா?"

"இல்லம்மா. சப்பட்டைதான். அப்படியே இருக்கு."

"பொறவு?"

"எடுத்துக்கிட்டாங்க. பதினஞ்சு நாள்ல டிரெய்னிங்குக்கு லக்னோ போகணும்."

சேசம்மாள் திரும்பி உள்ளே மாதா படத்தைப் பார்த்தாள். கோபம் என்றும் சொல்ல முடியாது. கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று திரும்பிப் போய், சாமானைப் பார்த்தால், சாமான் சரியாகத்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டவள் மாதிரி.

"கேட்டதக் குடுத்துட்டா மாதா. நாந்தான் காலோட நிறுத்திட்டேன்."

கரீம் பாட்சா செய்தி கேட்டு, சுவரில் தொங்கிய ஆறு துண்டுகளையும் எடுத்து ஒரு பை தைத்துக் கொடுத்தார். கைக்கட்டுத் துணி வைத்துக்கொள்ள. பையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஊத்தப்பம். "உள்ளூர்ல நீ கட்டுன கட்டுல யாரும் சாகல," என்றார், "அந்தத் தைரியத்துல போ."

போவதற்கு முந்தின சனிக்கிழமை இரண்டு பேருமே பாந்திராவுக்குப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மெழுகுக்காரி வழக்கம்போலக் கூடையின் அடியில் கைவிட்டாள்.

"பைர் நை," என்று கால் வேண்டாமெனக் கையசைத்தாள் சேசம்மாள். "பூரா ஆளு தோ."

மெழுகுக்காரி ஒரு முழு ஆண் பொம்மையை எடுத்தாள். முழங்கை உயரம். தலை, மார்பு, இரண்டு கை, இரண்டு கால், ஒன்றும் குறைவில்லை. சேசம்மாள் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றையும் பார்த்தாள். கடைசியில் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலைப் பார்த்தாள். புது அச்சு. நல்ல வளைவு.

உதட்டைப் பிதுக்கினாள். "இது யாரு புள்ளையோ."

கோயில் படியில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் கூரைக்கடியில் எரிகிற மெழுகுவர்த்திகளின் சூட்டில் பொம்மையின் காலை ஒரு கணம் காட்டி, மடியில் கிடத்திக்கொண்டு, அத்தனை வருஷம் முறுக்கு பிழிந்து காய்த்துப்போன கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். இடது கால் சப்பட்டையானது.

"எய்யா, செருப்பக் கழத்து. அந்தக் காலையும் ஒருக்கா காட்டு."

தனசீலன் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மழையில் ஒற்றைக்காலில் நின்று, வலது பாதத்தை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். அவள் அதைப் பார்த்துப் பார்த்து, பொம்மையின் வலது காலைத் தேய்க்கத் தொடங்கினாள்.