காலரில் இருந்த நீலக் கிளிப்

என் மேசை இழுப்பறையில் ஒரு நீல பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. கொடியில் துணி பறக்காமலிருக்கப் போடும் சாதாரணக் கிளிப்தான். முப்பது வருஷங்களுக்கு முன்பு, சபையின் ஆண்கள் எல்லாரும் பார்க்க, என் தங்கை கணவரின் சட்டைக் காலரிலிருந்து அதைப் பிடுங்கியவன் நான்.

அவர் கடலூருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். கம்பெனி உடுப்பை என் தங்கையைத் தொட விடமாட்டார். “இது பட்டா அவ கை வெந்துடும் மச்சான், என்னோட போவட்டும்” என்பார். தன் உடுப்பைத் துவைக்க உட்கார்ந்தவர் அவள் புடவைகளையும் சேர்த்துத் துவைத்துவிடுவார். மொட்டைமாடியில் காயப்போடும்போது நாலைந்து கிளிப்புகளைக் காலரில் மாட்டிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் ஒன்றை மறந்து, அப்படியே ஆராதனைக்கு வந்துவிட்டார்.

நான் அப்போது அண்ணாமலை நகரில் வேதியியல் பேராசிரியர். ஞாயிறு காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் வந்து பிரசங்கம் செய்வேன். ஆராதனைக்குப் பிறகு ஆண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் வைத்தது என் யோசனை. ஆண் என்பவன் போர்ச்சேவகன், குடும்பத்தின் தலை, தலை குனிந்தால் வீடு சாயும் என்றெல்லாம் முழங்குவேன். முடிவில் ஒவ்வொருவரும் எழுந்து, “என் வீட்டுக்கு நானே தலை” என்று அறிக்கையிட வேண்டும். சீஷர்களின் காலைக் கழுவித் துண்டால் துடைத்த ஆண்டவரும் அதே வேதத்தில்தான் இருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் அந்தக் கூட்டத்தில் திறந்ததே இல்லை.

அன்று அவர் அறிக்கையிட எழுந்தபோது கிளிப் என் கண்ணில் பட்டது. பிடுங்கி உயர்த்திக் காட்டினேன். “இவரு வீட்டுல புடவை யாரு கட்டுறாங்கன்னு என் தங்கச்சியத்தான் கேக்கணும்!” என்றேன். “கட்டுறது அவுங்க, அலசுறது இவரு!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். உட்காரும்போது காலரை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் துணி துவைக்கவில்லை. தங்கை ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். அந்த வேலையை விடச் செய்தார். சில மாதம் கழித்துச் சாட்சி சொல்ல எழுந்து, “இப்ப என் வீட்டுல என் வார்த்தைதான் நிக்குது” என்றார். முதலில் அல்லேலூயா சொன்னவன் நான்.

அந்த வாரமே தங்கை தனியாகப் பஸ் ஏறி என் குடியிருப்புக்கு வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. “அண்ணே, அவரு முன்ன இப்படி இல்ல. நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாரு.”

“நீ எதிர்த்துப் பேசுனியா?” என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டாள். தலையில் கைவைத்து ஜெபித்து, கடலூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். அடி விழுந்த அந்தப் பக்கத்துக் காது அவளுக்கு அதன் பிறகு கேட்கவேயில்லை.

போன மாதம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் இப்போது சபை மூப்பர். ஆண்கள் கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார். நான் போதித்தது தவறு என்றேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “என்ன மச்சான் இப்படிப் பேசறீங்க? நீங்க இல்லன்னா நான் ஆம்பளையாவே ஆயிருக்க மாட்டேன். வயசாச்சு உங்களுக்கு, மனசு இளகிடுச்சு. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.” அவர் கண்ணில் இருந்தது நன்றி.

தங்கை டீ கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்னை மன்னிச்சிடும்மா” என்றேன். நான் இருந்தது அவளுக்கு இடது பக்கம். “என்னண்ணே சொன்ன?” என்று வலது காதை என் பக்கம் திருப்பினாள். “டீ நல்லாருக்குன்னு சொன்னேன்” என்றேன்.

என் மனைவி பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷமாகிறது. அவள் துணிகளை நான்தான் துவைக்கிறேன். இரண்டு கையிலும் ஈரப் புடவை இருக்கும்போது கிளிப்பை வைத்துக்கொள்ளக் காலரைத் தவிர வேறு இடமில்லை. இன்று காலையும் மூன்று மாட்டியிருந்தேன். அந்த நீலக் கிளிப்பை மட்டும் எடுப்பதில்லை. மன்னிப்புக் கேட்கப் போன அன்று அதை அவரிடம் கொடுத்துவிடத்தான் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் என் கையை விட்ட பிறகும் அதை வெளியே எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.