பஸ்ஸில் கேட்ட இரண்டாவது சத்தம்

இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் வந்தேன். பின் சக்கரத்துக்கு மேல்தான் இடம் கிடைத்தது.

ரிட்டயர் ஆனதிலிருந்து என் காதுக்குள் 'ஙொய்' என்று ஓயாத சத்தம் உண்டு. மலை ஏறத் தொடங்கியதும் 'உஸ்' என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

இதுவும் நிரந்தரமாகிவிடுமோ என்று இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன். அவள் இயர்போனைக் கழற்றிப் பார்த்து, "ஒண்ணும் கேக்கலீங்களே" என்றாள்.

எழுந்து முன்னால் போய் நின்றேன். 'ஙொய்' கூடவே வந்தது. 'உஸ்' வரவில்லை!

பின் சக்கரத்துப் பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று கண்டக்டரிடம் ஓடிச் சொன்னேன்.

"மலை ஏறுதுங்கம்மா, காது அடைச்சிருக்கும்" என்று சிரித்தார்.

"என்ற காதப் பத்தி எனக்குத் தெரியுமுங்க. வண்டிய நிறுத்திப் பாருங்க."

பர்லியாரில் நிறுத்தினார்கள். கீழே குனிந்து பார்த்த டிரைவர் வேர்த்துப்போய் எழுந்தார். "பிரேக்குக்குப் போற காத்து லீக்காகுதுங்க. எல்லாரும் எறங்கீருங்க."

அடுத்த பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒரு பெரியவர் கும்பிட்டார். "அம்மிணி, உங்களுக்கு எத்தன கூரான காதுங்க!"

அந்த 'ஙொய்'யோடு தலையை ஆட்டி வைத்தேன். நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?