சின்னம்மா என்று கையெழுத்திட்டவர்

1995 மே 17, புதன்கிழமை. குருநகர் யோசப்பின் என்ற தாய், தன் இளைய மகள் கொன்சலாவை மானிப்பாய்க்கு அப்பால் இருந்த சிறுவர் மனநல விடுதியில் சேர்த்தார். மகளுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டில் குண்டு விழுந்த நாளிலிருந்து அவள் கதைப்பதில்லை. நித்திரை கட்டிலுக்குக் கீழேதான்.

யோசப்பினின் கணவர் கடலில் செத்து ஒன்பது வருடம். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசியாகியிருந்தது. தங்கச்சிக்கு விசர் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீடு விட்டுவிடும். அயலுக்கு, சின்னவள் மன்னாரில் படிக்கிறாள் என்று சொன்னார். விடுதிப் படிவத்தில் பிள்ளையின் பெயர் புஸ்பராணி என்றும், தான் சின்னம்மா என்றும் எழுதினார்.

ஞாயிறு போனால் ஊராட்களின் கண்ணில் படவேண்டி வரும். அதனால் புதன்கிழமைகளில் சைக்கிளில் போவார்.

"ஆர் கேட்டாலும் சின்னம்மா எண்டு சொல்லு, என்ரை ராசாத்தி."

விடுதிச் சிற்றூழியர் நாகலிங்கம் ஒருநாள் சீண்டினார்.

"சின்னம்மாமார் இப்பிடி அழுது நான் காணேல்லை."

"உம்மடை வேலையைப் பாரும்."

ஒக்டோபரில் கொன்சலா வாய் திறந்து தண்ணீர் கேட்டாள். 18ஆம் திகதி டொக்டர், இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். மூத்தவளின் கலியாண அறிவித்தலைக் கிறிஸ்தவக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஒன்றுதான் முடிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு ஞாயிறு வைச்சிருங்கோ, டொக்டர்."

29ஆம் திகதி மூன்றாவது வாசிப்பும் முடிந்தது. மறுநாள் ஆமி நெருங்க, வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. மாப்பிள்ளை வீடு எந்தப் பக்கம் போனது என்றுகூட யோசப்பினுக்குத் தெரியாது. விடுதிப் பிள்ளைகளைப் பதினொரு நாள் தேடி, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தார். நாகலிங்கமும் டொக்டரும் அங்கே இல்லை. பொறுப்பாக இருந்தவர் புதிதாக வந்த ஒரு கன்னியாஸ்திரி.

"நான்தான் தாய், சிஸ்டர்."

"சின்னம்மா எண்டெல்லோ கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள்?"

"பொய் சொல்லிப்போட்டன்."

"போன கிழமையும் ஒருத்தர் தகப்பன் எண்டு வந்தவர். அந்தப் பிள்ளையை இண்டைக்கும் தேடுறம்."

யோசப்பின் குடும்ப அட்டையை நீட்டினார். அதில் புஸ்பராணி என்று எவரும் இல்லை. சிஸ்டர் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"இவ ஆர், பிள்ளை?"

கொன்சலா தாயைப் பார்த்தாள். இடம்பெயர்ந்த பிறகு அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

"சின்னம்மா."

பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வந்தால் தருவதாகச் சிஸ்டர் சொன்னார். பங்குத்தந்தையும் இடம்பெயர்ந்திருந்தார். யோசப்பின் அவரைத் தேடிப் பருத்தித்துறைப் பக்கம் போனார். யோசப்பின் திரும்பி வருமுன், மூன்றாம் நாள் காலை விடுதிப் பிள்ளைகளைக் கிளாலியில் படகேற்றி வன்னிக்குக் கொண்டுபோனார்கள்.