குன்னூர்ப் படிக்கட்டில் ஒரு மூட்டை

காஞ்சிபுரம் தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். அத்திகிரி என்று மலைப் பெயர் வைத்து வரதர் கோயிலில் நாங்கள் கொண்டாடுவதுகூட இருபத்து நான்கு படிதான். மூச்சு வாங்குவதற்குள் மலை முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு ஐம்பது வயதில் முட்டி தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. "நிறைய படி ஏறுவீங்களாம்மா?" என்று கேட்டார். நாலே நாள் ஏறினேன், அதுவும் பத்து வயதில் என்று நான் சொல்லவில்லை.

அக்காவை அப்போது குன்னூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. முதல் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனது அம்மாவும் நானும். தறியில் யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவை பாதியில் நின்றதால் அப்பா வரவில்லை.

அந்த ஊரில் தெரு என்று நினைத்து எதில் காலை வைத்தாலும் அது படிக்கட்டாக இருந்தது. பஸ் ரோடு மேலே, அக்கா வீடு கீழே. நடுவில் இருநூற்றுச் சொச்சம் படிகள். கட்டிய கொத்தனார் நாளுக்கு ஒரு மனநிலையில் இருந்திருக்க வேண்டும். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது மணைப்பலகை உயரம். அதிலேயே பால்காரர் வருகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஒரு கோழி தன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குகிறது. இறங்கும்போது எண்ணினேன், இருநூற்று ஏழு. மறுநாள் ஏறும்போது இருநூற்றுப் பதினொன்று. அம்மாவிடம் முறையிட்டேன்.

"ஏறச்சொல்ல ஒவ்வொரு படியும் குட்டி போடும்டி. வாய மூடிக்கினு ஏறு."

அக்கா இளைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய் பாதிப் படியில் இருந்தது. காலையில் பத்துக் குடம் சுமந்தாள். தோளில் ஒரு இடம், முழங்கைக்குக் கீழே ஒரு இடம் கறுத்துப்போயிருந்தது. "படியில வழுக்கிட்டேன்" என்றாள். கன்னத்தில் எப்படி என்று கேட்டேன். அதுவும் படிதானாம். எனக்குப் படிகள் மேல் கோபம் வந்து, அன்று சாயங்காலம் ஒன்றிரண்டை உதைத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல்தான் வீங்கியது. அம்மா அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், வழக்கத்தைவிட அதிக நேரம்.

விருந்தாளியைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விடுவது மரியாதை. அங்கே தெருமுனை என்பது பஸ் ரோடு. ஆகவே நான்காம் நாள் காலை அம்மா, நான், அக்கா, அக்காவின் மாமியார் என்று நான்கு பேரும் படியேறினோம். கிளம்புகிற அவசரத்தில் அக்கா, பழைய துண்டில் கட்டிய ஒரு மூட்டையை என் கையில் திணித்தாள்.

"யாராவது கேட்டா உன் துணின்னு சொல்லு. பஸ்ல உக்கார்ற வரைக்கும் பேசாம வாடி, கண்ணு."

பேசாமல் வருவது எனக்குச் சிரமமான காரியம். ஆனாலும் முதல் திருப்பம் வரை சமாளித்தேன். இரண்டாவது திருப்பத்தில் மாமியார் மூச்சு வாங்க உட்கார்ந்தார். "இங்க குடு கண்ணு, நான் சித்த வெச்சுக்கறேன்" என்று மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன கண்ணு, பொணக் கனம் கனக்குது?"

"என் துணிதான்."

"கோணிச் சாக்குலயா பாவாடை தெச்சுப் போடறாங்க உங்கூர்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் நான் நெசவாளி வீட்டுப் பெண். தறியில் வேலை இல்லாத நேரத்தில் அப்பா என் கண்ணைக் கட்டிவிட்டு மடித்த புடவைகளை ஒவ்வொன்றாகக் கையில் வைப்பார். ஜரிகையின் கனத்தைக் கொண்டே எது எந்தப் புடவை என்று சொல்லிவிடுவேன். பரீட்சையில் யாரும் கேட்காத என் ஒரே திறமை அது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு முதல் படியிலேயே தெரியும்.

"கோணியா? அக்காவோட முகூர்த்தப் பட்டு அது! எங்கப்பா நெய்ஞ்சது! கையில வாங்கனாவே எனக்குத் தெரியும்!"

மாமியார் முடிச்சை அவிழ்த்தார். பட்டுப் புடவை. அதன் மடிப்புக்குள் அக்காவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அடியில் தினப்படிக்குக் கட்டுகிற புடவை இரண்டு. எங்களோடு பஸ் ஏறிவிட்டால் திரும்பி வரப்போவதில்லை என்று முடிவு செய்தவள் எடுத்துவைத்த சாமான். என் கணக்கில் அன்று அது மூன்று புடவையும் ஒரு காகிதமும்தான்.

அவர் சத்தம் போடவில்லை. "சம்பந்தி, புள்ளைக்கு ஊர் நெனப்பு வந்துருச்சாட்ட இருக்குதுங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். மேலேயிருந்து ஒருவர் விறகுக் கட்டோடு இறங்கி வந்தார். எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டோம். அவர் மெதுவாகத்தான் இறங்கினார். அம்மாவுக்கு யோசிக்க அவ்வளவு நேரம் இருந்தது.

"போம்மா," என்றாள் அம்மா. "பஸ்ஸுக்கு நேரமாவுது."

அக்கா மூட்டையைத் திரும்பக் கட்டினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "கரெக்டா சொன்னேன்ல?" என்று கேட்டேன்.

"கரெக்டா சொன்னடி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மாமியார் அவள் பின்னால் இறங்கினார். அதன் பிறகு அக்கா எங்கள் ஊருக்கு வந்தது இரண்டே தடவை, அப்பா செத்தபோதும் அம்மா செத்தபோதும். இரண்டு தடவையும் என் பிள்ளைகளுக்கு வர்க்கி பிஸ்கட் வாங்கி வந்தாள். அந்த மூட்டையைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் நான் தமாஷாக எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்; அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மேலே பஸ் ரோட்டில் நின்றோம். மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. அம்மா ஏறவில்லை. படிக்கட்டு ரோட்டைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இன்னொரு பஸ் வந்தது, அதுவும் போனது. நேரமாகிறது என்று சொன்னவள் இவள்தானே என்று எனக்கு எரிச்சல். பிறகு விஷயம் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் என்ன போட்டிருக்கிறது என்று தெரியாமல், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி அவள் காதில் சொன்னேன்:

"அம்மா, ரெண்டுலயும் மேட்டுப்பாளையம்னுதாம்மா போட்டிருந்துது. நம்ம பஸ்தான்."

"இருடி," என்றாள் திரும்பாமலே. "இன்னுங் கொஞ்சம் இரு."

மூன்றாவது பஸ்ஸை நானே கைகாட்டி நிறுத்தினேன்.