அடிப்பாகத்தில் ஏழு பூச்சு

படகின் அடியில் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் குறிப்பு எழுதியவன் நான்தான். ஒரு தடவை இல்லை, தொடர்ந்து ஏழு வருடம் எழுதினேன். முதல் வருடம் யோசித்து எழுதியது. மற்ற ஆறும் முந்தைய வருடக் குறிப்பைப் பார்த்து எழுதியவை. அரசு அலுவலகத்தில் ஒரு தவறு இரண்டாம் வருடத்தில் முன்னுதாரணம் ஆகிவிடும். மூன்றாம் வருடத்தில் அதை நிறுத்த மேலிடத்து அனுமதி வேண்டும்.

எந்த அலுவலகம் என்பது இப்போது முக்கியமில்லை. நான் அங்கே கண்காணிப்பாளர். காவிரியில் வெள்ளம் வந்தால் ஆட்களை மீட்பதற்கென்று எங்களிடம் ஒரு மோட்டார் படகு இருந்தது. ஃபைபர் உடம்பு, பின்னால் தொங்கும் மோட்டார். பென்னாகரம் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்றது. வருடாந்திர இருப்புச் சரிபார்ப்புக்கு முன்னால் பீரோ, பெஞ்சு, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பது எங்கள் வழக்கம். பதிவேட்டில் படகுக்கு நேராக ‘மஞ்சள் வண்ணம் பூசப்பட்டது’ என்று இருந்ததால் அதற்கும் அடித்தோம். பீரோவுக்கு அடித்த அதே ஆள், அதே பிரஷ். அடிப்பாகத்தை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். மேல்பாகத்துக்கு மட்டும் என்று பதிவேட்டில் இல்லையே என்றேன்.

படகு ஓட்டுநர் தொகுப்பூதியத்தில் இருந்தவர். நாற்பதை நெருங்கும் வயது. பணி வரன்முறை செய்து நிரந்தரமாக்குவதற்கான பட்டியலில் அவர் பெயர் சேர்ந்து, அவர் வீட்டில் எல்லோரும் அந்த ஆணைக்காகக் காத்திருந்த காலம் அது. ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

“சார், படகு எந்திரிக்க மாட்டேங்குதுங்க.”

“எந்திரிக்கிறதுன்னா?”

“வேகம் புடிச்சா தண்ணி மேல ஏறி ஓடணுங்க. இது எருமையாட்டம் தண்ணிக்குள்ளாறயே போவுது. மூணு பேரு ஏறினா, எதிர்த்து வர்ற தண்ணியில நின்ன எடத்துலயே நிக்குதுங்க.”

“மோட்டாரைப் பாரு.”

“மோட்டார் நல்லாத்தான் இருக்குது. பெயின்ட்டுதாங்க தொல்லை.”

நான் சிரித்தேன். அவர் விடவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்கு என்னைக் கூட்டிப் போனார். விளிம்பு மெலிந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் தண்ணீர் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் விளிம்பில் அறுந்து நேராகக் கீழே விழுந்தது. பிறகு தடித்த கண்ணாடி டம்ளரில் பிடித்து அதே போல் சாய்த்தார். தண்ணீர் விளிம்பை விட்டுப் பிரியாமல் டம்ளரின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஓடி, அவர் முழங்கை வரை நனைத்தது.

“பாத்தீங்களா? படகுக்கு அடியில நீளமா ரெண்டு வரப்பு இருக்குதுங்க. பின்னாடி ஒரு ஓரம் இருக்குது. அதெல்லாம் கத்தியாட்டம் இருந்தாத்தான் தண்ணி அறுந்துவுடும். நம்ம பெயின்ட்டு ஏறி ஏறி எல்லாம் உருண்டு போச்சு. போதாததுக்கு பிரஷ் கோடு, வழிஞ்ச சொட்டு. ஆத்தையே கட்டி இழுத்துக்கிட்டுப் போறோங்க.”

“கிளாஸை ஒடைச்சிராதப்பா,” என்றார் டீக்கடைக்காரர். “அதுக்கும் உங்க சார் டெண்டர் விட வேண்டியிருக்கும்.”

அடியை முழுக்க உரித்துவிட்டு, நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் போதும் என்றார் ஓட்டுநர். பளபளப்பு வேண்டாம், சிலேட்டு மாதிரி இருந்தால் சரி. நான் இயற்பியல் பட்டதாரி. பரப்பை ஒட்டி ஓடும் நீரின் மெல்லிய அடுக்கைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். அவர் சொன்னது அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. “மனு எழுதிக் கொடு,” என்றேன்.

கொடுத்தார். கோப்பு கிளம்பியது. பூசிய வண்ணத்தை அகற்றுவது அரசு உடைமைக்குச் சேதம் விளைவிப்பதாகுமா என்று ஒரு கேள்வி வந்தது. தொழில்நுட்பக் கருத்து கேட்டு வாகனப் பிரிவுக்கு அனுப்பினோம். படகுக்குச் சக்கரம் இல்லாததால் தங்களுக்குத் தொடர்பில்லை என்று அவர்கள் திருப்பினார்கள். உரித்து எடுத்த பெயின்டை எந்தப் பதிவேட்டில் கழிப்பது என்பது மூன்றாவது கேள்வி. அதை எழுப்பியவன் நான்.

கோப்பு சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் உட்கார்ந்து தன் கையால் படகைத் தேய்த்து முடித்திருக்கிறார். எனக்கு அது ஆடி மாதத்தில்தான் தெரிந்தது. கர்நாடகத்தில் அணை திறந்து ஆறு பொங்கி வந்த அன்று, ஆடு மேய்க்கப் போன இரண்டு பேர் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் அதிகாரி கரையில் நின்றார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஓட்டுநர் மோட்டாரை முடுக்கினார். படகு மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் திணறியது, பிறகு தண்ணீர்மேல் ஏறி எதிரோட்டத்தில் கிழித்துக்கொண்டு போனது. ஒரே நடையில் இரண்டு ஆட்களையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் கொண்டுவந்து சேர்த்தார்.

“போன வருஷம் இந்தப் படகு இப்படிப் போகலையே?” என்று அதிகாரி கேட்டார்.

“அடியில இருந்த பெயின்ட்ட உரிச்சுட்டேங்க ஐயா. அடிக்கச் சொன்னவங்க ஒரு தடவை படகைக் கவுத்துப் போட்டுப் பாத்திருந்தா சொல்லியே இருக்க மாட்டாங்க.”

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஆட்டுக்காரர்கூடச் சிரித்தார். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். குறிப்பு எழுதியது யார் என்று அதிகாரிக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்து பல நாள் தங்கியது.

அடுத்த சரிபார்ப்புக்கு வேறு அலுவலகத்திலிருந்து வந்தவர் ‘பதிவேட்டில் கண்டுள்ள வண்ணம் அடிப்பாகத்தில் காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“இந்த ஆளு பேரு பட்டியல்ல இருக்கு. நல்ல காரியம்தான் பண்ணியிருக்கான். விதியில ஏதாவது வழி இருக்கா?”

இருந்தது. உயிர் காக்கும் கருவியை அவசரத்தில் சரிசெய்திருந்தால், செய்த பிறகும் ஒப்புதல் வழங்கலாம். பின்னேற்பு என்று அதற்குப் பெயர். நான்கு வரிக் குறிப்பு போதும். கொடிக்கம்பத்துக்கும் கொட்டகைக் கதவுக்கும் நான் எழுதியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன்.

“விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புறதுதான் முறை, சார்,” என்றேன்.

அது பொய் இல்லை. முறைகளில் அதுவும் ஒன்று. இத்தனை வருடம் அந்த வாக்கியத்தை வைத்துத்தான் என்னை நானே சமாளித்து வந்திருக்கிறேன்.

குறிப்பாணையை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் என்னிடமே வந்தார். “இதுக்கு என்னா எழுதறதுங்க சார்?”

“நடந்ததை எழுது.”

அனுமதி பெறாமல் தேய்த்தேன் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதிக் கொடுத்தார். அதுவே அவருக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலம் ஆனது. நடவடிக்கை நிலுவையில் இருப்பதாகக் குறிப்பு வைத்து, அவர் பெயர் இல்லாமலேயே பட்டியல் மேலே போனது. பட்டியலில் போனவர்களுக்கு ஆணை வந்தது. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார். படகுக்கு எட்டாவது பூச்சு அடித்தோம். அந்தக் குறிப்பையும் நான்தான் வைத்தேன்.

போன மாதம் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கேரளாவில் ஓர் ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுவதாகவும், தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு வந்ததாகவும் சொன்னார். அங்கே படகுகளின் அடியைத் தேய்க்கும் வேலையை முதலாளி அவரிடம்தான் கொடுக்கிறாராம். நான் ஓய்வு பெற்ற பிறகு பல தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

“அன்னிக்கு ஒரு வழி இருந்துச்சுங்க. பின்னேற்புன்னு. நான் எழுதியிருந்தா உங்களுக்கு ஆணை வந்திருக்கும்.”

அவரை நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“தெரியுங்க சார்,” என்றார். “உங்க பக்கத்து சீட்டு உதவியாளர் அப்பவே சொன்னாரு. உங்க சார் நெனச்சா நாலு வரிதான், போய்க் கேளுன்னாரு.”

“ஏன் கேக்கல?”

“அதான் குறிப்பாணையத் தூக்கிக்கிட்டு வந்தனே. என்னா எழுதறதுன்னு கேட்டனே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. தருமபுரி பேருந்து வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினார்.

“தூத்தல் போடறாப்ல இருக்குது. வூட்டுக்குப் போங்க சார்.”

பேருந்து கிளம்பிய பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். அவர் என்னைச் சார் என்று கூப்பிட வேண்டிய அவசியம் இப்போது எந்த விதியிலும் இல்லை.